நூல் அறுபடும் சத்தம்

மழை பிடித்துக்கொண்டால் அந்தக் கடையில் பசை சீக்கிரம் காயாது. பின்னறையில் ஒட்டி, கயிறு சுற்றி நிறுத்தி வைத்த மரப்பெட்டிகளைக் காலையில் வந்து அவிழ்த்தால், ஏதாவது ஒரு மூலை லேசாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் ஸ்பீக்கரைப் பூட்டினால் தாழ்ந்த சத்தம் நிற்காது, காற்றாய்ப் போய்விடும். திரும்பவும் சுரண்டி, திரும்பவும் ஒட்ட வேண்டும். மரத்தூள் ஈரத்தில் ஊறி மாவு மாதிரி செருப்பில் அப்பிக்கொள்ளும்.

புத்தக அலமாரியில் வைக்கிற அளவுள்ள சின்ன ஸ்பீக்கர்கள்தான் அங்கே தயாரிப்பு. பெரிய கம்பெனிப் பெட்டிகளை வாங்க வசதியில்லாதவர்கள், ஆனால் டிவிக்குள்ளிருந்து வருகிற தகர டப்பாச் சத்தத்தில் மனசு நிறையாதவர்கள், விசாரித்து விசாரித்து அந்தச் சந்துக்குள் வருவார்கள். எந்த ஜோடியும் கடைசியில் ஒரே ஒருவரின் காதைத் தாண்டித்தான் வெளியே போகும். அவருக்குக் காதுக்காரர் என்றே பேராகிவிட்டது. அவரைவிட வயதில் சின்னவரான முதலாளி, “காது அண்ணன் சரின்னாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டிக்கு அட்டை போடச் சொல்வார். காதுக்காரர் யாரையும் எதையும் புகழ்ந்து கேட்டவர்கள் இல்லை. ரொம்பப் பிடித்துப் போனால், “விலைக்கு மோசமில்லை” என்பார். அதற்கு மேல் அவரிடம் வார்த்தை கிடையாது.

“பாட்டைப் போட்டா எல்லாப் பெட்டியும் நல்லவன் வேஷம் போடும். தெரிஞ்ச மனுஷக் குரலைப் போடு, ஒடனே மாட்டிக்கும்” என்பது அவருடைய கட்சி. அதற்காக அவர் வைத்திருந்தது ஒரு பெண் பேசுகிற சின்னப் பதிவு. அந்தப் பெண் யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டே கையால் துணி தைக்கிறாள். “சட்டை சுருங்கிடுச்சுன்னு சண்டைக்கு வர்றாடி. சட்டை எப்படிடி சுருங்கும்? சோத்தைச் சட்டி சட்டியா சாப்பிட்டது யாரு, சட்டையா?” என்கிறாள். பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. சிரிப்பு முடிகிற இடத்தில் பல்லால் நூலைக் கடித்து அறுக்கிற ‘டிக்’ என்ற சத்தம். அவ்வளவுதான்.

கூர்மையான சத்தத்தைத் தருகிற ட்வீட்டர் மட்டமாக இருந்தால் அந்தச் ‘ச’க்களெல்லாம் காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி சீறும். பெட்டி சரியில்லை என்றால் குரல் ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும். எல்லாம் தேறினாலும், நூல் அறுபடும் சத்தம் தனியாகக் கேட்காவிட்டால் காதுக்காரர் விடமாட்டார்.

அந்தக் குரல் அவர் மனைவியுடையது. அதைக் கடையில் போடுவது அவளுக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம், வீடு மாறி வந்த கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் ஸ்பீக்கர் வாங்க வந்திருந்தார்கள். வெளியே நல்ல மழை. காதுக்காரர் விலை குறைந்த ஜோடியையும் அதற்கு அடுத்த ஜோடியையும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றிக் கேட்கிற சுவிட்சைப் போட்டார்.

“இப்ப கேளுங்க சார். இதுல குரல் மூக்கால வருது. இதோ, மாத்திட்டேன். இப்ப நெஞ்சுல இருந்து வருதா?”

“ஆமாங்க, வித்தியாசம் தெரியுது” என்றார் வந்தவர். “சிரிப்பு பக்கத்துல இருந்து சிரிக்கிற மாதிரி இருக்கு.”

“யாருங்க இந்தம்மா?” என்று கேட்டாள் வந்தவரின் மனைவி.

“யாரோ ஒருத்தங்க மேடம். டெஸ்டுக்குன்னு வந்த ரெக்கார்டு.”

“பேச்சைப் பார்த்தா வீட்டு வேலை செய்ற பொம்பளை மாதிரி இருக்கு” என்று அந்த ஆள் சிரித்தார். “எழுத்து வாசனையே இல்லை. ஆனா குரல் கணீர்னு இருக்கு, அதைச் சொல்லணும்.”

காதுக்காரரும் சிரித்தார். வியாபாரம் படியப் போகிறது என்று தெரிந்தால் வருகிற சிரிப்பு அது. சிரித்தபடி திரும்பினால், கதவருகே அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் மடக்கிய குடை, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இன்னொரு கையில் அவர் காலையில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பா.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் டப்பாவை மேசையில் வைத்தாள். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. குடையை விரிக்காமலே மழைக்குள் இறங்கிப் போனாள்.

“யாரு?” என்றார் வந்தவர்.

“வீட்ல இருந்து” என்றார் காதுக்காரர். அவர் காது மடல்கள் சூடாகியிருந்தன. சுவிட்சை எந்தப் பக்கம் போட்டிருக்கிறோம் என்பதே மறந்துபோய், விலை குறைந்ததைக் காட்டி நல்லது என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் குடியிருந்தது மாடியில் இரண்டு அறை. ஜன்னல் பக்கத்து அறையில் தையல் மெஷின். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள்தான் தையல்காரம்மா. சாயங்காலம் அவர் வந்தபோது அவள் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தாமலே, “சோறு இருக்கு, முட்டை வேக வச்சிருக்கேன்” என்றாள்.

அவரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முட்டையை உரித்து உப்புத் தொட்டுத் தின்றார். மெஷின் நின்றது.

“அது நான்தானே?”

“ஆமா.”

“யாரோ ஒருத்தங்கன்னீங்க.”

“வாங்க வர்றவங்ககிட்ட வீட்டுக் கதையெல்லாம் எதுக்குன்னு...”

“அந்த ஆளு எழுத்து வாசனை இல்லாதவன்னு சொன்னப்ப சிரிச்சீங்க.”

“நான் எங்க சிரிச்சேன்? சும்மா பல்லைக் காட்டினேன். கடைன்னா அப்படித்தான்.”

“பல்லைக் காட்டினீங்க” என்றாள் அவள், அதை எழுதி வைத்துக்கொள்கிறவள் மாதிரி.

அவருக்கு எப்படியாவது இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்றிருந்தது. தட்டோடு எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். “நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும். எத்தனையோ குரல் போட்டுப் பார்த்தேன். எதுவும் ஒத்து வரலை. உன் குரல்ல எல்லாம் இருக்கு. அடியில கொஞ்சம் கரகரப்பு, மேல கூர்மை. அந்த நூலைக் கடிக்கிற இடம் இருக்கே, அது கேட்டாத்தான் ட்வீட்டர் பாஸ். இந்தக் கடையில இருந்து போன பெட்டி எல்லாமே உன்னை வச்சுத்தான் போயிருக்கு.”

சொல்லும்போது அவருக்கே அது பெருமையாகத்தான் பட்டது. அவள் சந்தோஷப்படுவாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அவளோ புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

“நான் நூல் கடிக்கிறதை ஊரே உட்கார்ந்து கேட்டிருக்கு.”

“அப்படி இல்லை...”

“சரி, அதுக்கப்புறம் பேசினது?”

“எதுக்கப்புறம்?”

“சட்டைக் கதைக்கப்புறம். தங்கச்சிகிட்ட நான் வேற பேசினேன். எனக்கு ஞாபகம் இருக்கு.”

“அது வேண்டாம்னு வெட்டிட்டேன்.”

அவள் முகம் கொஞ்சம் இளகியது. கேட்டிருக்கிறார், கேட்டுவிட்டு மற்றவர்கள் கேட்கக் கூடாது என்று வெட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். “கேட்டீங்களா?” என்றபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

“கேக்குறதுக்கு என்ன இருக்கு? நீ குரலைத் தாழ்த்திட்டே. தெருவுல போற வண்டிச் சத்தம்தான் மேல நிக்குது. டெஸ்டுக்கு ஆகாது.”

அவள் அவரையே பார்த்தாள். “குரலைத் தாழ்த்திட்டேன்” என்றாள். பிறகு திரைச்சீலையை இழுத்து ஊசிக்கு அடியில் விட்டு, “நாளைக்கு அழிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். ஓரம் முடிந்த இடத்தில் நூலை அறுக்கக் கத்திரிக்கோலைத் தேடினாள். பக்கத்தில் இல்லை. எழுந்து போய் எடுத்து வந்தாள்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனதும் முதல் வேலையாக அழித்தார். முதலாளியின் கம்ப்யூட்டரிலும் அது இருந்தது ஞாபகம் வர, அவரிடம் போய்ச் சொன்னார்.

“அழிக்கிறதா? அண்ணே, அதைத்தான் நான் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கேனே!” என்றார் முதலாளி. “இந்த மழையில வியாபாரம் படுத்துடுச்சுல்ல. ஜோடி வாங்கினா ஒரு பென் டிரைவ் இலவசம்னு வச்சேன். நாலு பாட்டு, உங்க டெஸ்ட் குரல் எல்லாம் போட்டு. நீங்க வீட்டுக்குப் போய் மாட்டிக் குடுத்தீங்களே, அந்த அட்டைப்பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு.”

“வெட்டினதா, முழுசா?”

“உங்க ஃபோல்டர்ல இருந்ததை அப்படியே போட்டேன். ரெண்டு இருந்துச்சு. ஏண்ணே?”

காதுக்காரர் முதலாளியின் கம்ப்யூட்டரிலிருந்த நீளமான பதிவை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய், அன்றைக்குத் தேறவேண்டிய ஜோடியில் போட்டார். நின்றுகொண்டே கேட்டார்.

சட்டைக் கதை வந்தது, சிரிப்பு வந்தது, நூல் அறுபட்டது. பழக்கதோஷத்தில் இடது பெட்டி மூலையில் காற்று கசிவதைக் கவனித்துவிட்டார். பிறகு குரல் தாழ்ந்தது. அவர் சத்தத்தைக் கூட்டினார்.

“...இல்லடி, இப்ப பரவாயில்லை. டாக்டரம்மா பயப்பட ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அடுத்தது தங்கும்னாங்க... அவரா? அவர் நல்லவர்தாண்டி. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு டீ போட்டுக் குடுத்தார். அப்புறம் ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டார்... எதைச் சொல்ல? அவருக்குத் துக்கம் இல்லைன்னு சொல்ல முடியுமா? எங்க வச்சிருக்காருன்னு தெரியலை, அவ்வளவுதான்... அது இருக்கட்டும், யார்கிட்டயும் சொல்லாத. கீழ் வீட்டுக் குழந்தைக்குச் சட்டை தைக்கக் குடுத்தாங்க. கழுத்து இவ்வளவுதாண்டி இருக்கு, என் வளையல் அளவு. தைச்சு முடிச்சுட்டேன். இன்னும் முடியலைன்னு சொல்லி வச்சுக்கிட்டிருக்கேன். குடுக்க மனசு வரலை. படுக்கிறப்ப பக்கத்துல வச்சுக்குறேன்... சீ, பைத்தியம்னு நினைச்சுக்காத.”

ஒரு வண்டி போனது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அதற்கும் பின்னால், தள்ளி, ஒரு திருகாணி பீங்கான் தட்டில் விழுந்து சுற்றி நின்றது. ஓர் ஆண் இருமினான்.

அந்த இருமல் யாருடையது என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. சோதனைக்கு ஓடவிட்ட ரெக்கார்டரை அவள் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துபோனது அவர்தான். இதே பேச்சை அவள் பேசியபோது அவரும் அதே அறையில்தான் இருந்திருக்கிறார். கை எட்டும் தூரத்தில் திருகாணி கழற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

பதிவு முடிந்தும் அவர் நகரவில்லை. பின்னால் யாரோ மூச்சுவிடுவது கேட்டுத் திரும்பினார். முதலாளி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்க வேண்டியதில்லை, முகமே சொன்னது.

“அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியாது” என்றார் காதுக்காரர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது எவ்வளவு கேவலம் என்று உறைத்தது. ஒட்டாத மூலையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

அழித்துவிட்டேன் என்று மட்டும் வீட்டில் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போனார். அவள் கதவைத் திறந்தபோது அவரால் முடியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னார். பென் டிரைவ் போனதை, முழுசாகப் போனதை, இன்றைக்குத்தான் கேட்டதை, இருமலை. கடைசியில், “அந்தச் சட்டையைக் குடுத்துட்டியா?” என்று கேட்டார்.

“அப்பவே குடுத்தாச்சு. அந்தக் குழந்தை இப்ப பள்ளிக்கூடம் போகுது” என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “யார் யார் வீட்டுக்குப் போயிருக்கு?”

“கடைக்கே வந்து தூக்கிட்டுப் போனவங்களைத் தேட வழியில்லை. நான் மாட்டிக் குடுத்த வீடுகள் தெரியும். போய் வாங்கிடுறேன்.”

“நானும் வர்றேன்.”

“நீ எதுக்கு அங்கல்லாம்...”

“நீங்க போய் என்ன பேசுவீங்களோ. நானும் வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மழை விட்டிருந்தது. முதல் வீடு ஓர் அலுவலகக் குமாஸ்தாவின் வீடு. அவர் இல்லை, மனைவியும் கல்லூரிக்குப் போகிற மகளும் இருந்தார்கள். சின்ன அறையில் அலமாரி முழுக்கப் பாத்திரம். பாத்திரங்களுக்கு நடுவே அவருடைய பெட்டிகள். அவர் கண் முதலில் அங்கேதான் போயிற்று, சுவரோடு ஒட்டி வைத்துவிட்டார்களே என்று.

“அந்த பென் டிரைவ்ல ஒரு கோளாறும்மா. அதை வாங்கிட்டு வேற குடுக்கணும்” என்றார், வழியில் தயார் செய்து வைத்திருந்தபடி.

“கோளாறா? நல்லாத்தானே பாடுது” என்று மகள் சிரித்தாள். “அதுல ஒரு காமெடி இருக்கு பாருங்க சார், அது எங்க வீட்ல ரொம்ப ஃபேமஸ். சட்டை எப்படிடி சுருங்கும்? சோத்தைச் சட்டி சட்டியா சாப்பிட்டது யாரு, சட்டையா?” அவள் அப்படியே பேசிக் காட்டினாள். இழுவை, நிறுத்தம், சிரிப்பு எல்லாம் அச்சாக இருந்தது. கடைசியில் ‘டிக்’ என்று நாக்கைக்கூடச் சொடுக்கினாள்.

“போதும், உள்ள போய் அதை எடுத்துட்டு வா” என்றாள் அம்மா.

“தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க” என்றாள் தையல்காரம்மா. அந்த வீட்டில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அந்த அம்மாள் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். பார்வையை உடனே தாழ்த்திக்கொண்டாள்.

“தொந்தரவு என்ன? நாங்க அந்தக் காமெடி வரைக்கும்தான் போடுவோம். அப்புறம் என்னவோ முணுமுணுன்னு வரும், ஒண்ணும் புரியாது. தள்ளி விட்டுடுவோம்.”

“நல்லதுங்க” என்றாள் தையல்காரம்மா.

மகள் பென் டிரைவைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் காதுக்காரருக்கு அப்படிப் போக மனம் வரவில்லை. யாரோ ஒருத்தங்க என்று சொன்ன வாயாலேயே இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

“அம்மா, ஒரு விஷயம். அது இவங்க குரல்தான். இவங்க என் வீட்டுக்காரி. அவங்களைக் கேட்காம நான்தான் எடுத்துட்டேன். தப்பு என்னுது.”

மகள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள் முகம் கன்றிச் சிவந்தது. அந்த அம்மாள் தையல்காரம்மாவின் பக்கத்தில் வந்து, கையைத் தொடலாமா வேண்டாமா என்று தயங்கி, “அந்தச் சட்டை...” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் காதுக்காரருக்கு விளங்கியது, அங்கே எல்லாம் புரிந்துதான் இருந்தது என்று.

தையல்காரம்மா தரையைப் பார்த்தபடியே, “வர்றோங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். தெருமுனையில் ஒரு பூட்டிய கடையின் நிழலில் நின்றாள்.

“எதுக்குச் சொன்னீங்க?”

“மறைக்கக் கூடாதுன்னுதான். அன்னிக்கு உன்னை யாரோன்னு சொல்லிட்டேன். அதுக்காக...”

“உங்க மனசு லேசாகணும்னு சொன்னீங்க. அந்தம்மா நான் வாயைத் திறந்ததுமே கண்டுபிடிச்சுட்டாங்க. கண்டுபிடிச்சுட்டு, புரியலைன்னு எனக்காகப் பொய் சொன்னாங்க. நானும் நல்லதுன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேரும் அழகா முடிச்சு வச்சிருந்தோம். நீங்க போட்டு உடைச்சீங்க. அந்தப் பொண்ணு பாவம், இனிமே என்னை எங்கயாவது பார்த்தா ஓடி ஒளியும்.”

செய்த தப்புக்கு வெட்கப்பட்டுப் பழகிவிட்டிருந்தார் இந்த இரண்டு நாளில். சரியென்று நினைத்துச் செய்ததற்கும் இப்படிக் கூசிப்போக வேண்டியிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“அடுத்த வீடு எது?”

“அந்த மாடி. பச்சைக் கதவு.”

“நீங்க கீழயே நில்லுங்க.”

அவர் நின்றார். மேலே கதவு திறந்தது, பேச்சுச் சத்தம் வந்தது, கதவு மூடிக்கொண்டது. அவர் காதைத் தீட்டவில்லை. நேரம் போயிற்று. அவள் இறங்கி வந்தாள். கையில் பென் டிரைவ் இருந்தது. என்ன சொல்லி வாங்கினாள் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் அப்படியே போனாள். ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு வீட்டில் எங்கேயோ தொலைந்துபோய்விட்டதாம். கடையில் வந்து வாங்கிப் போனவர்களிடம் இருப்பது இருப்பதுதான். அதை நினைக்கும்போதெல்லாம் காதுக்காரருக்குத் தெருவில் எந்த வீட்டு ஜன்னலிலிருந்து பெண் குரல் கேட்டாலும் நடை தடுமாறும்.

கடையில் அவர் வேறு பதிவுக்கு மாறினார். முதலாளியைப் பேசச் சொல்லி, கேட்டு, ஒப்புதல் வாங்கி எடுத்தது. அது அவ்வளவு நன்றாக இல்லை. கொஞ்ச நாள் சில மட்டமான ஜோடிகள்கூட அவரைத் தாண்டிப் போய்விட்டன.

வீட்டில் அவள் பேசாமல் இருந்துவிடவில்லை. சண்டையும் போடவில்லை. ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. அரிசி தீர்ந்ததையோ, குழாயில் தண்ணீர் வராததையோ சொல்லிக்கொண்டே இருப்பாள், திடீரென்று நிறுத்தி, “எங்க, நான் என்ன சொன்னேன்?” என்பாள். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பாதி தெரியாது, தெரிந்ததை வைத்து மழுப்புவார். மழுப்புவது அவளுக்குத் தெரியும். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அந்தத் தலையாட்டலுக்கு, திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும் அவருக்கு.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய பிறகு ஒரு நாள் அவளுடைய தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய டிவியை உரக்க வைத்திருந்தார். காதுக்காரர் சோற்றைப் பிசைந்தபடி, அதன் சத்தத்தில் எங்கே இரைச்சல் என்று தன்னை அறியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள் தங்கச்சியிடமும் அவரிடமுமாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எங்க, நான் என்ன சொன்னேன்?”

தங்கச்சி வீட்டுக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “என்ன அக்கா, பரீட்சையா? மாட்டிக்கிட்டாரு!”

காதுக்காரருக்கு முகம் முழுக்கச் சூடு ஏறியது. தங்கச்சியின் முகத்தைப் பார்த்தால் ஒரு வார்த்தையாவது கிடைக்குமா என்று பார்த்தார். அவளுக்கு எல்லாம் தெரியும், அவள் தட்டைப் பார்த்துக்கொண்டாள். டிவியைப் பற்றி ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

“கவனிக்கலை” என்றார். “திரும்பச் சொல்லு.”

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

“மெஷின் மிதிக்கிற கால் மரத்துப் போகுது. டாக்டரைப் பார்க்கணும்னு சொன்னேன். நீங்களும் கூட வரணும். வெளிய பெஞ்சுல உட்காரக் கூடாது, உள்ள வரணும்.”

“கால் மரத்துப் போகுது. டாக்டரைப் பார்க்கணும்” என்றார் அவர். “நானும் உள்ள வரணும்.”

தங்கச்சி வீட்டுக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.